மலர்வெளிச் சதுக்கமும் புரூனோவின் சிலையும்

பலர் கூடும் பொதுவிடங்களில் உருவங்களை நிறுத்துதல் பழைய நகரங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்கமாகும். காவிரிப்பூம்பட்டினத்தில் ஐவகை மன்றங்கள் இருந்தனவாகச் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை கூறுகின்றது. அவற்றுள் ஒன்று பாவை மன்றம். அரசனது கோல் வளைந்தவிடத்தும், அறங்கூறும் அவையத்தார் நூல்நெறி பிறழ்ந்து ஒருபக்கஞ் சார்ந்தவிடத்தும், அம்மன்றத்து நின்ற பாவை வாயாற் பேசாது கண்ணீர் உகுக்கும் என்பது இளங்கோவடிகள் தருஞ் செய்தி. ஊர்நடுவே நிற்குஞ் சிலை ஊருக்கு அணியாவதோடு அமையாது, முறைதவறிய தீர்ப்புக்குச் சான்றாகவும் நிற்றல்கூடும் என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்தமை இதனாற் புலனாகும்.

மேனாட்டு நகரங்களுள் இவ்வெண்ணத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக நிற்பது உரோமாபுரியிலுள்ள ஒரு சிறு சதுக்கமும், அதன் நடுவணுள்ள வெண்கலச் சிலையுமாம். சதுக்கத்தின் பெயர் காம்போ தே பியோரி. மலர்கள் நிறைந்த வெளி என்பது அதன் பொருள். சிலை, 1600 ஆம் ஆண்டில் அவ்விடத்திலேயே உயிரோடு எரிக்கப்பட்ட ஜியோர்டானோ புரூனோ என்னுந் தத்துவஞானியினது. இச்சிலை யாரால், எக்காலத்து, எதன்பொருட்டு எழுப்பப்பட்டது என்பதையும், அது கூறுஞ் செய்தியை நாம் எங்ஙனம் கொள்ளல் தகும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சதுக்கத்தின் வரலாறு

தைபர் நதியின் கீழ்க்கரையில், நதி வளைந்து செல்லும் பகுதியில், இச்சதுக்கம் அமைந்துள்ளது. கி.மு. 55 இல் பொம்பே என்னும் படைத்தலைவன் கட்டுவித்த பெரிய நாடகவரங்கு இதனை அடுத்திருந்தது. அவ்வரங்கைச் சார்ந்த மண்டபம் ஒன்றிலேதான் கி.மு. 44 இல் யூலியசு சீசர் கொலையுண்டான். உரோமப் பேரரசு வீழ்ந்தபின் கட்டடங்கள் பாழாயின. இடைக்காலத்தில் இவ்விடம் புல்லும் பூவும் வளர்ந்த வெளியாயிற்று. பெயர் அக்காலத்து நிலைமையைக் குறிப்பதென்பர். 1456 ஆம் ஆண்டில், மூன்றாம் கலிஸ்டஸ் பாப்பரசராயிருந்த காலத்து, திரெவிசான் என்னுங் கருதினால் இவ்வெளிக்குக் கற்றளம் இடுவித்தார். அதுமுதல் இது நகரின் சிறந்த சந்திகளுள் ஒன்றாயிற்று. யாத்திரிகர் தங்குஞ் சத்திரங்கள் பெருகின. குதிரைச் சந்தை கூடியது. தொப்பி செய்வோர், பெட்டி செய்வோர், திறவுகோல் செய்வோர், வில் செய்வோர் ஆகியோரின் பெயர்களை இச்சதுக்கத்தைச் சூழ்ந்த தெருக்கள் இன்றுந் தாங்கிநிற்கின்றன.

சனங்கள் திரளும் இடமே தண்டனையைக் காட்டுதற்கும் ஏற்ற இடம் என்பது அக்கால அரசியலார் கொள்கை. ஆதலின், வாணிகமும் கேளிக்கையும் நிகழ்ந்த இச்சதுக்கத்திலேயே கொலைத்தண்டனைகளும் நிறைவேற்றப்பட்டன. மனிதரை எரித்தற்கு முன்னர் நூல்களையும் இங்கு எரித்தனர். 1553 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9 ஆம் நாள், யூதர்களின் புத்தாண்டுத் தினத்தன்று, அவர்களது தல்மூத் என்னும் மறைநூலின் பிரதிகள் குவித்து எரிக்கப்பட்டன. அச்செயலை நினைவுறுத்தும் பொறிப்பு ஒன்று 2011 ஆம் ஆண்டில் இச்சதுக்கத்துத் தரையிற் பதிக்கப்பட்டது. பக்கத்துக்கொரு தேவாலயம் காணப்படும் உரோமாபுரியில், இச்சதுக்கத்தை நோக்கிய தேவாலய முகப்பு ஒன்றேனும் இல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

துறவியின் வாழ்வும் கருத்தும்

புரூனோ 1548 ஆம் ஆண்டில் நேப்பிள்சு நகரை அடுத்த நோலா என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிலிப்போ. 1565 இல், தமது பதினேழாம் வயதில், தொமினிக்கன் துறவற சபையிற் சேர்ந்து ஜியோர்டானோ என்னும் பெயரைப் பூண்டார். 1572 இற் குருப்பட்டம் பெற்றார். கேள்வி கேட்கும் இயல்பு அவரை மடத்தில் அமைதியாக இருக்கவிடவில்லை. தம்மீது விசாரணை தொடங்குவதை அறிந்து 1576 இல் நேப்பிள்சை விட்டு நீங்கினார். அதன்பின் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் செனீவா, துலூசு, பாரிசு, இலண்டன், விட்டன்பேக், பிராக், எல்ம்ஸ்டெட், பிராங்போட் முதலாய நகரங்களில் அலைந்து, கற்பித்தும் நூலெழுதியும் வாழ்ந்தார். கத்தோலிக்கர் அவரை வெறுத்தனர் என்று மாத்திரம் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. செனீவாவிற் கல்வினியரும் எல்ம்ஸ்டெட்டில் லூதரியரும் அவரைத் தத்தம் சபையினின்றும் விலக்கினர். எக்கட்சியும் தன்னவர் என்று கூறவியலாத ஒரு மனிதராகவே அவர் திரிந்தார்.

அவர் கூறிய கருத்துக்களுட் சிறந்தது அண்டம் பற்றியது. பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்னும் கொள்கையைக் கொப்பேணிக்கஸ் 1543 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எனினும், அவரது அண்டம் சூரியனை நடுவாகக் கொண்டு, உடுக்கள் பதிந்த ஒரு கோளத்தால் எல்லை கட்டப்பட்டிருந்தது. அவ்வெல்லையை உடைத்தவர் புரூனோ. 1584 இல் இலண்டனில் இருந்தபோது அவர் வெளியிட்ட உரையாடல் நூல்களில், அண்டத்துக்கு எல்லையில்லை, எல்லையில்லாததற்கு நடுவும் இல்லை, உடுக்கள் எல்லாம் தொலைவிலுள்ள சூரியர்களே, அவற்றைச் சூழ்ந்தும் நம் பூமி போன்ற உலகங்கள் உண்டு என்று வாதித்தார். இறைவன் அளவற்றவனாயின் அவன் படைப்பு அளவுபட்டதாதல் எங்ஙனம் என்பது அவரது வினாக்களுள் ஒன்று.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. தொலைநோக்கியைக் கொண்டு கலிலியோ வானத்தை ஆராயத் தொடங்கியது 1609 ஆம் ஆண்டிலேயாம். புரூனோவிடம் கருவியுமில்லை, கணக்குமில்லை. கொப்பேணிக்கசின் நூலிலுள்ள விளக்கப்படம் ஒன்றையே அவர் பிழையாக விளங்கிக்கொண்டார். கோள்களும் உடுக்களும் உயிருள்ளவை என நம்பினார். மந்திரவித்தை பற்றியும் நூல்கள் எழுதினார். தர்க்கத்தாலும் உள்ளுணர்வாலும் அவர் எட்டிய முடிவை, கணித வல்லுநராகிய கெப்ளர் அச்சத்தோடு மறுத்தார். சூரியனையொத்த பிறிதோர் உடுவைச் சுற்றும் கோள் ஒன்று முதன்முதல் 1995 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அதன்பின் இத்தகைய கோள்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. அவ்வளவில் அவர் வாக்குப் பலித்தது எனலாம். அண்டம் முடிவற்றதா என்னும் வினாவுக்கோ இன்றும் அறிவியலார் முடிந்த விடை கூறவில்லை.

தீர்ப்பும் தண்டனையும்

நினைவாற்றற் கலையிற் புரூனோ பெரும்புகழ் வாய்ந்தவர். அக்கலையைக் கற்க விரும்பிய மொசெனிகோ என்னும் வெனிசு நகரப் பிரபு அவரைத் தன் மனைக்கு அழைத்தான். 1591 இல் அவர் தாய்நாடு மீண்டார். எதிர்பார்த்தது கிடையாமையால் வெகுண்ட அப்பிரபு, 1592 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரைச் சமய விசாரணை மன்றத்தாரிடம் காட்டிக்கொடுத்தான். விருந்துக்கு அழைத்தவனே வழக்காளியாயினான். 1593 இல் புரூனோ உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏழாண்டுகள் சிறையில் வைத்து விசாரிக்கப்பட்டார்.

அவர்மீது சாட்டப்பட்டவை பல. திருப்பலியில் அப்பம் கிறித்துவின் உடலாக மாறும் என்பதை மறுத்தமை, திரித்துவக் கொள்கையில் ஐயுற்றமை, உலகங்கள் எண்ணிறந்தன என்றமை, உலகம் அநாதி என்றமை, உயிர் ஓர் உடலை விட்டு மற்றோர் உடலிற் புகும் என்றமை முதலியன அவற்றுட் சில. உயிர் உடல்மாறிப் பிறக்கும் என்பது நம்மவர்க்கு இளமையிலேயே பயிற்றப்படுங் கொள்கை. அங்கோ அது குற்றச்சாட்டுள் ஒன்றாயிற்று. பெரிய கல்விமானாகிய பெல்லார்மினோ என்பார் எட்டுக் கூற்றுக்களைத் தேர்ந்து, அவற்றை விட்டொழிப்பதாகச் சத்தியஞ் செய்யுமாறு 1599 இற் புரூனோவைக் கேட்டார். புரூனோ சிலகால் இணங்குவார் போன்றும் சிலகால் மறுத்தும் விடை கூறினார். இறுதியில், தாம் விட்டொழித்தற்கு யாதுமில்லை என உறுதியாக நின்றார்.

இவ்விசாரணை ஏடுகளின் வரலாறும் அறியத்தக்கதே. உரோமாபுரியிலிருந்த மூல ஏடுகள் நெப்போலியன் காலத்திற் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அழிந்தன. அவற்றின் சுருக்கமொன்றை வத்திக்கானின் சுவடிக்காப்பாளராகிய மெர்க்காத்தி கண்டெடுத்து 1942 இல் வெளியிட்டார். அச்சுருக்கத்தில் அவ்வெட்டுக் கூற்றுக்களின் பட்டியல் இடம்பெறவில்லை. ஆகவே, எக்கருத்தின் பொருட்டு அவர் இறந்தார் என்று ஒன்றை மாத்திரம் சுட்டிக்கூறுதல் அறிஞர்க்கும் இயலாததாயிற்று.

1600 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் நாள் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. குருத்துவ நிலையினின்று அவர் நீக்கப்பட்டார். அவர் நூல்களை எரிக்குமாறு கட்டளை பிறந்தது. முழந்தாளிட்டுத் தீர்ப்பைக் கேட்ட புரூனோ எழுந்து, இத்தீர்ப்பைக் கூறும் உங்களுக்குள்ள அச்சம் இதனை ஏற்கும் எனக்குள்ள அச்சத்தினும் பெரிதாதல் கூடும் என்னுங் கருத்துப்பட விடையிறுத்தார். இதனை எழுதிவைத்தவர் கஸ்பார் சோப்பே என்னும் செர்மானிய அறிஞர். அவர் தீர்ப்பு நியாயமானதென்று கருதியவர், புரூனோவின்பால் இரக்கமில்லாதவர். பகைவர் எழுதிய சான்றாதலின் இதன் வலிமை மிகுதியாகும். பெப்ரவரி 17 ஆம் நாட் காலையில், பேசவொண்ணாதவாறு நாவு கட்டப்பட்டவராய், புரூனோ இச்சதுக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டார். அவ்வாண்டு யூபிலி ஆண்டாதலால் உரோமாபுரி யாத்திரிகரால் நிறைந்திருந்தது.

சிலை எழுந்த வரலாறு

அதன்பின் ஏறக்குறைய இருநூற்றெழுபது ஆண்டுகள் உரோமாபுரி பெரும்பாலும் பாப்பரசரின் ஆட்சியிலேயே இருந்தது. 1869 இல் நவோனா சதுக்கத்திலிருந்த அங்காடி இச்சதுக்கத்துக்கு மாற்றப்பட்டது. மறுவருடம், 1870 செப்ரெம்பர் 20 ஆம் நாள், இத்தாலியப் படை நகருட் புகுந்தது. உரோமாபுரி புதிய இத்தாலிய அரசின் தலைநகராயிற்று. ஆட்சியை இழந்த பாப்பரசர் வத்திக்கானை விட்டு வெளிவராது இருந்தார். திருச்சபைக்கும் அரசுக்குமிடையே எழுந்த இப்பகைமை நிலையிலேயே சிலை பற்றிய முயற்சி பிறந்தது.

1876 இல் உரோமாபுரிப் பல்கலைக்கழக மாணவர் இம்முயற்சியைத் தொடங்கினர். அது சிலகாலம் தளர்ந்து, 1880 களின் நடுவில் மீண்டும் வலுப்பெற்றது. விக்டர் கியூகோ, எர்பெட் ஸ்பென்சர், ரெனான், கெக்கல், இப்சன் முதலியோர் இதற்கு ஆதரவளித்தனர். நகரசபையோ நெடுநாள் இடந்தர மறுத்தது. 1887 ஆம் ஆண்டின் இறுதியில், பாப்பரசரின் யூபிலிக்கு நகரின் சார்பில் வாழ்த்துக் கூறினார் என்னுங் காரணத்தால், நகரத்தலைவர் தொர்லோனியாவைப் பிரதம மந்திரி கிறிஸ்பி பதவிநீக்கஞ் செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தாராளவாதிகள் வென்றனர். 1888 டிசெம்பரில் இடம் வழங்கப்பட்டது. சதுக்கத்தின் நடுவிலிருந்த பழைய நீரூற்று அகற்றப்பட்டது. அது பின்னர்ப் புதிய தேவாலயம் என வழங்கும் ஆலயத்தின் முன்றிலில் வைக்கப்பட்டது.

சிற்பி எத்தோரே பெராரி என்பவர் 1845 இற் பிறந்து 1929 இல் மறைந்தவர். பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். முதலிற் சமைத்த மாதிரியில், கையை நீட்டி வாதிடும் சொற்பொழிவாளராகப் புரூனோவை அவர் காட்டினார். பின் அதனை விடுத்து, முக்காட்டின் நிழலில் முகங் கவிந்து, நூலின்மேற் கைகளைக் குறுக்காக வைத்துநிற்கும் துறவியாக அமைத்தார். இம்மாற்றம் சிலைக்குப் பெருமை தந்தது. நாக்கட்டுண்டு இறந்தவருக்கு நீட்டிய கையினும் மௌனமே பொருத்தமுடைத்து. இன்னொன்றும் நோக்கற்பாலது. தீர்ப்பு நாளில் எந்தத் துறவுநிலையை அவரிடமிருந்து பறித்தனரோ, அத்துறவுக்குரிய உடையிலேயே சிற்பி அவரை நிறுத்தினார்.

பீடத்தின் மூன்று பக்கங்களில், ஒக்ஸ்போட்டில் அவர் கற்பித்தலும், தீர்ப்புக் கேட்டலும், தீயில் இறத்தலும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. மேலே, சமயக் கொள்கையின் பொருட்டுத் துன்புற்ற எண்மரின் முகங்கள் வட்டங்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. யான் கஸ், விக்கிளிப், கம்பனெல்லா ஆகியோரோடு செர்வெட்டசும் அவர்களுள் ஒருவர். செர்வெட்டசை எரித்தவர் கத்தோலிக்கரல்லர். 1553 இற் செனீவாவிலே கல்வினியரே எரித்தனர். உரோமாபுரித் திருச்சபையைக் குறைகூற எழுந்த சிலையின் பீடத்திலே, அதன் பகைவர் இழைத்த கொடுமைக்கும் ஒரு சான்று இவ்வாறு இடம்பெற்றுள்ளது.

1889 யூன் 9 ஆம் நாள் சிலை திறந்துவைக்கப்பட்டது. அன்று பெந்தெகொஸ்தே ஞாயிறு. கொடிகளோடு ஊர்வலங்கள் வந்தன; தத்துவப் பேராசிரியராகிய போவியோ உரையாற்றினார். பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் அந்நாளை உபவாசத்திலும் செபத்திலும் கழித்தார் என்பர். பீடத்துப் பொறிப்பும் போவியோ யாத்ததே. புரூனோவுக்கு, அவர் முன்னுணர்ந்த நூற்றாண்டு, தீ எரிந்த இவ்விடத்தில் எடுப்பித்தது என்பது அதன் பொருள்.

சிலை கூறுஞ் செய்தி

பொதுச்சிலை ஒவ்வொன்றும் இருகாலங்களைப் பற்றிப் பேசுவது. ஒன்று சிலைக்குரியவரின் காலம். மற்றையது சிலையை எடுப்பித்தோரின் காலம். பூவயல் மேடையானதும், மேடை அங்காடியானதும், அங்காடி நினைவிடமானதும் இச்சதுக்கத்தின் வரலாறு. 1889 இல் இச்சிலையை எடுத்தோர், தம் அரசியலுக்கு ஒரு முன்னோரைத் தேடினர். புரூனோ தம் நூற்றாண்டை முன்னுணர்ந்தார் என்று அவர்கள் எழுதியது அவரைப் புகழ்தற்கு மாத்திரமன்று. தம்மைத் தாமே புகழ்ந்ததுமாகும். அந்நூற்றாண்டு முடிந்து அடுத்த நூற்றாண்டிலே ஐரோப்பாவில் நிகழ்ந்த கொடுமைகளை அறிந்த நாம், பொறிப்பின் அப்பகுதியை அவ்வாறே ஏற்றல் இயலாது.

பின்னிகழ்ந்தவை இதனை வலியுறுத்தும். 1929 இல் முசோலினிக்கும் திருச்சபைக்கும் உடன்படிக்கை ஏற்பட்டபோது, சிலையை அகற்றவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சிலை நின்றவிடத்திலேயே நிற்கும் என முசோலினி பாராளுமன்றத்தில் அறிவித்தான். அதே காலத்தில், கருத்தின் பொருட்டு கிராம்சி என்னும் எழுத்தாளர் அவனது சிறையில் வாடினார். எனவே, சிந்தனையாளனின் சிலையைக் காப்பவர் எல்லோரும் சிந்தனையைக் காப்பவராகார். 1930 இற் பெல்லார்மினோ புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். 2000 ஆம் ஆண்டில், புரூனோ இறந்த நானூறாம் ஆண்டு நிறைவின்போது, வத்திக்கானின் இராச்சியச் செயலாளராகிய கருதினால் சொடானோ அம்மரணத்தைக் குறித்து ஆழ்ந்த வருத்தந் தெரிவித்தார். ஆயினும் புரூனோவின் கொள்கைகளைத் திருச்சபை ஏற்கவில்லை.

புரூனோ பற்றி இருசாரார் வழக்கிடுவர். அவர் அறிவியலின் பொருட்டு உயிர்நீத்தவர், ஆகவே சிலைக்கு உரியவர் என்பர் ஒருசாரார். அவர் அறிவியலாளரல்லர், மந்திரவாதி, சமயத்தை மறுத்தமையாலேயே தண்டிக்கப்பட்டார், ஆகவே சிலைக்கு உரியரல்லர் என்பர் மறுசாரார். ஊன்றி நோக்கின் இருசாராரும் ஒரே அடிப்படையில் நிற்கின்றனர். ஒருவனது கருத்துச் சரியானதாயின் அவனை எரித்தல் தவறு என்பது அவ்வடிப்படை. இதிலே மறைந்துள்ள அபாயம் பெரிது. கருத்துப் பிழையாயின் எரித்தல் தகும் என்பது அதிலிருந்து பிறக்கும் முடிபன்றோ? விசாரணை மன்றத்தார் கொண்டதும் இம்முடிபே. அவர்கள் கொடியவராயிருந்தமையால் அவரை எரித்தனரல்லர். பெல்லார்மினோ ஒழுக்கமும் புலமையும் மிக்கவர். தாம் உண்மையை உடையோம் என்னும் ஐயமற்ற துணிபே அவர்களை அச்செயலுக்கு உய்த்தது.

ஆதலின், இச்சிலையின் நியாயம் புரூனோவின் அறிவியலிலே தங்கியிருக்கவில்லை. அவர் எண்ணிய உலகங்கள் இருப்பினும் இல்லாதொழியினும், அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியே. பிழையாக எண்ணுதற்கும், எண்ணியதைக் கூறுதற்கும், வாதத்தாலன்றி வேறொன்றால் மறுக்கப்படாதிருத்தற்கும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமையுண்டு. தேர்வுத்தாளிற் பிழையான விடையைக் காணும் ஆசிரியர் அதனைத் திருத்துவர். எழுதிய கையை முறிக்கத் துணியார். வகுப்பறையிற் கேள்வி கேட்கும் மாணவனை அதட்டி இருத்தும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழியவில்லை. எரிப்பதற்கும் அதட்டுவதற்கும் இடையே தொலைவு மிகவுண்டு. ஆயினும் இரண்டும் ஒரே சாலையிலேயே உள்ளன.

பொறிப்பின் இறுதிப் பகுதியே என்றும் நிலைக்கத்தக்கது. தீ எரிந்தது இவ்விடத்தில் என்பது புகழுமன்று, வாதமுமன்று. ஒரு செய்தியை இடஞ்சுட்டிக் கூறுவது. நினைவு இடத்தோடு பிணிக்கப்பட்டாற் பொய்த்தல் அரிது. இக்காரணம் பற்றியே சிலையை வேறு பெருஞ் சதுக்கங்களில் வைக்காது, இச்சிறு சந்தையின் நடுவே வைக்கவேண்டுமென அம்மாணவர் போராடினர். இன்றும் சந்தை நாட்களில் சிலையின் அடியில் மரக்கறியும் பழமும் பூவும் விலையாகின்றன. ஆண்டுதோறும் பெப்ரவரி 17 ஆம் நாள் பீடத்தில் மலர்வளையங்கள் சாத்தப்படுகின்றன. ஏனைய நாட்களில் வாங்குவோரும் விற்போரும் அண்ணாந்து பாராமலே கடந்து செல்வர். அது குறையன்று. அச்சமின்றி மக்கள் தம் வேலையைப் பார்த்துத் திரியும் ஒரு சதுக்கமே, அங்கு எரிக்கப்பட்டவருக்கு உரிய நினைவுச்சின்னமாகும்.